மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்: எடுக்கலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு பிராங்கியெக்டாசிஸ் என்று சொன்னார்கள். போன வருடம் மட்டும் 4 முறை சளி பச்சையாகி, காய்ச்சல் வந்து, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் எடுத்தார். இப்போது நுரையீரல் மருத்துவர் அசித்ரோமைசின் 250 மி.கி. மாத்திரையை வாரம் 3 நாள் என்று 6 மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆன்டிபயாட்டிக்கை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனை மாதம் எடுக்கலாமா? 2 மாதமாக நன்றாகத்தான் இருக்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்பா நன்றாக இருப்பதற்கு இந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அது உண்மைதானா என்று 2 மாதத்தில் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. இப்படி நீண்ட நாள் எடுக்கும் ஆன்டிபயாட்டிக்கோடு சில பரிசோதனைகளும், தொடரலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேச ஒரு தேதியும் சேர்ந்தே வர வேண்டும். இவை நடந்தனவா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பிராங்கியெக்டாசிஸில் மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகளும் சேதமாகிவிடுவதால் சளி உள்ளேயே தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகும். அதை எதிர்க்க வந்து குவியும் வெள்ளை அணுக்கள் கக்கும் நொதிகள் குழாய்ச் சுவரையே அரிக்கும். குழாய் இன்னும் விரியும், சளி இன்னும் தேங்கும். அப்பாவுக்குப் போன வருடம் வந்த 4 தடவையும் இந்தச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகியிருக்கும். அதனால்தான் இந்த மருந்து. இன்றைக்கு இருக்கும் ஒரு தொற்றை ஆற்றுவது இதன் வேலை இல்லை. வருடத்துக்கு 4 தடவை வருவதை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைப்பதுதான் வேலை. 5 நாள் கோர்ஸையும் இதையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

அசித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு வகை மருந்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, மூச்சுக்குழாயில் உள்ள அழற்சியையும் அவை தணிக்கின்றன. இதற்கு வழிகாட்டியது ஜப்பான். அங்கே சிறு மூச்சுக்குழாய்களைத் தாக்கிப் பலரின் உயிரைக் குடித்துவந்த பான்பிராங்கியோலைட்டிஸ் என்ற நோய்க்கு, 1980-களில் எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. அந்த மருந்துக்கு அசையாத சூடோமோனாஸ் கிருமி சளியில் இருந்தவர்களும் தேறினார்கள். கிருமியைக் கொல்வதைத் தாண்டி இது வேறு ஏதோ செய்கிறது என்பது அப்போது புரிந்தது.

பிராங்கியெக்டாசிஸுக்கே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நியூசிலாந்தில் 141 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில் அசித்ரோமைசின் 500 மி.கி. வாரம் 3 நாள், 6 மாதத்துக்குக் கொடுத்தார்கள். அந்த 6 மாதத்தில் நோய் தீவிரமானது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆளுக்குச் சராசரி 1.57 தடவை, மருந்து எடுத்தவர்களில் 0.59 தடவை. அடுத்த ஆண்டு நெதர்லாந்து ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. வருடத்துக்கு 3 தடவையோ அதற்கு மேலோ தீவிரமாகிறவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது இன்றைய நடைமுறை. உங்கள் அப்பா அந்தக் கணக்குக்குள் வருகிறார். வாரம் 3 நாள் போதுமா என்று சந்தேகப்பட வேண்டாம். இந்த மருந்து திசுக்களில் நாள்கணக்கில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

இனி நீங்கள் சரிபார்க்க வேண்டியவை. முதலாவது சளிப் பரிசோதனை. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் சில, காசநோயை உண்டாக்காமல் நுரையீரலில் மெதுவாகத் தொற்றிக்கொண்டிருக்கும். பிராங்கியெக்டாசிஸ் உள்ளவர்களிடம் இவை இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்குச் சிகிச்சை என்றால் பல மருந்துகள் சேர்த்து ஒரு வருடத்துக்கும் மேல் எடுக்க வேண்டும். அந்தக் கூட்டில் முதுகெலும்பே அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுதான். கிருமி இருப்பது தெரியாமல் அசித்ரோமைசினைத் தனியாகக் கொடுத்துக்கொண்டே போனால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் போய்விடும். ஆகவே மாத்திரை தொடங்கும் முன்பே இதற்கான கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, சளி அனுப்பியிருக்க வேண்டும். இதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அனுப்பவில்லை என்று தெரிந்தால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறித் துப்பும் கெட்டிச் சளிதான் வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் பரிசோதனை வீண்.

இரண்டாவது இசிஜி. இந்த மருந்து சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் கியூடி எனப்படும் இடைவெளியை நீட்டிவிடும். அரிதாக அது ஆபத்தான துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விடலாம். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்ட கியூடி ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 470 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தால் தொடங்கவே கூடாது. தொடங்கி ஒரு மாதம் ஆனதும் இன்னொரு இசிஜி எடுப்பது நல்லது. இதே இடைவெளியை நீட்டும் வேறு மருந்துகள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும். வயிற்று உப்புசத்துக்கும் குமட்டலுக்கும் போடும் டோம்பெரிடோன், வாந்திக்கு ஆண்டன்செட்ரான், மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம், மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் ஆகியவை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அசிடிட்டி மாத்திரைதானே என்று நினைக்கும் ஒன்றிலேயே டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். அப்பா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போவதே சரியான வழி. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், இதயத்துக்குப் போடும் டிகாக்சின் எடுப்பவர் என்றால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கல்லீரல் இரத்தப் பரிசோதனை தொடங்கும் முன்னும், ஒரு மாதம் கழித்தும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறையும் போதும்.

காது விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள 1142 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், தினம் 250 மி.கி. எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் அது 20 சதவீதம். வித்தியாசம் சிறியது, ஆனால் உண்மையானது. காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலருக்கும் அடங்கிவிடும். அடங்காமல் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம், காட்ட வேண்டும். ஆன்டாசிட் திரவத்துக்கும் இந்த மாத்திரைக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். படபடப்போடு மயக்கமோ, கண் மஞ்சளாவதோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிருமிகள் இந்த மருந்துக்குப் பழகிவிடாதா என்றால், பழகும். மாதக்கணக்கில் எடுப்பவர்களின் வாயிலும் தொண்டையிலும் மூச்சுப்பாதையிலும் இதற்கு அடங்காத கிருமிகள் கூடுகின்றன என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. உங்களுக்கு எல்லோரும் சொன்னதில் உள்ள நியாயம் இதுதான். அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை சளி பிடிப்பவருக்கு இதைக் கொடுப்பதில்லை. நடுவில் அப்பாவுக்குத் தொற்று வந்து வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், ஏற்கெனவே அசித்ரோமைசினில் இருக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினோ லெவோஃப்ளாக்சசினோ எழுதினால், அந்த நாள்களில் அசித்ரோமைசினை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேளுங்கள்; அவையும் கியூடியை நீட்டும்.

இன்னொன்று, மாத்திரையைவிட முக்கியமானது. அப்பா தினமும் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி செய்கிறாரா? பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிடம் செய்ய வேண்டும். தேங்கிய சளியை வெளியே கொண்டுவராமல் மாத்திரையை மட்டும் நம்பினால் பாதிப் பலன்தான். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, புகைப்பதை அறவே விடுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. மேலே சொன்ன சிஓபிடி ஆய்வில், விடாமல் புகைத்தவர்களுக்கு இந்த மருந்தால் பலன் தெரியவில்லை. சளியில் சூடோமோனாஸ் விடாமல் வந்துகொண்டிருந்தால், நெபுலைசரில் இழுக்கும் கொலிஸ்டின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அவை சிலருக்கு மூச்சுக்குழாயைச் சட்டென்று இறுக்கிவிடும் என்பதால் முதல் டோஸை மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுப்பார்கள்.

நிறுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: சளி எந்த நிறம், எவ்வளவு வந்தது, காய்ச்சல் இருந்ததா, கூடுதலாக ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா. 6 மாதம் முடிந்ததும் போன வருடத்தின் 4 தடவையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறையவில்லை என்றால் தொடர்வதில் அர்த்தமில்லை, நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நன்றாகக் குறைந்திருந்தால் மருத்துவர் ஒரு வருடம் வரை தொடரச் சொல்லக்கூடும். அதன் பிறகும் வருடத்தில் தொல்லை குறைவாக இருக்கும் மாதங்களில் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். 6 மாதம் தாண்டியும் யாரும் எதையும் பரிசீலிக்காமல் பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பதுதான் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று.