நிர்ணய சபை தள்ளிய சொற்கள்: அரசமைப்புச் சட்டம் குறித்த கேள்வி பதில்

இந்திய அரசமைப்புச் சட்டம் உருவான விதம் பற்றியும், நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் கொள்ளும் முறை பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, நம் அரசமைப்புச் சட்டம் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்குமான அதிகாரப் பட்டியல்கள், ஆளுநர் பதவி, நெருக்கடி நிலை போன்ற நிர்வாகப் பகுதிகளில் பழைய சட்டத்தின் சாயல் நன்றாகவே தெரியும். அரசமைப்பை இயற்றக் கூடிய நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கரே இதை மறைக்கவில்லை; அதற்காக வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். ஆனால் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையோ, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய அடிப்படை உரிமைகளோ 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. மற்ற மாற்றங்களை எல்லாம் விட இந்த இரண்டும் பெரியவை.

கேள்வி: அம்பேத்கர் ஒருவரே எழுதினாரா, அல்லது அது ஒரு குழுவின் வேலையா?

சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947 அக்டோபரில் 243 உறுப்புகள் (சட்டப் பிரிவுகள்) கொண்ட முதல் வரைவை ஆயத்தம் செய்தார். அதை எடுத்துக்கொண்டு வேலை செய்த ஏழு பேர் வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் அதில் இருந்தனர். அந்தக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கரின் தோளில் விழுந்தது என்று சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே சொன்னார். அம்பேத்கரோ தம் நிறைவுரையில் ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் பங்கைப் பிரித்துக் கொடுத்தார். இருவர் சொன்னதும் சரியே.

கேள்வி (வழக்கறிஞர், மதுரை, வேறு மூவரும் இதையே கேட்டுள்ளனர்): நிர்ணய சபை வேண்டாம் என்று தள்ளிய ஒன்றை நீதிமன்றம் பின்னாளில் பொருள்கோள் மூலம் உள்ளே கொண்டுவரலாமா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறுப்பு 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி" எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. 1947இல் சபையில் இருந்த வாசகம் அமெரிக்க வழியிலான "உரிய சட்ட நெறி" என்பதாகும். சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்க அது இடம் கொடுக்கும். அமெரிக்கா சென்ற ராவ், அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை இயற்றும் சட்டங்களை நீதிபதிகள் முடக்க அந்தச் சொற்கள் வழி செய்யும் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் எச்சரிக்கை. சமூகச் சீர்திருத்தச் சட்டங்கள் நீதிமன்றத்தில் சிக்கிக்கொள்ளும் என்று அல்லாடியும் அஞ்சினார். வரைவுக் குழு சொற்களை மாற்றியது. 1948 டிசம்பரில் சபையில் கடும் விவாதம் நடந்தது. சபை உறுப்பினர் கே.எம். முன்ஷி பழைய வாசகத்துக்காக வாதாடினார். இரு பக்கமும் ஆபத்து தெரிகிறது என்று சொல்லி அம்பேத்கர் முடிவைச் சபையிடமே விட்டார். பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தம் தோற்றது. மறு ஆண்டு, இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டவே, கைதானவரின் உரிமைகளைச் சொல்லும் இன்றைய உறுப்பு 22ஐ அம்பேத்கர் கொண்டுவந்தார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது. சென்னை மாகாணத்தில் விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் வகுத்த எந்த நடைமுறையும் போதும் என்ற பொருளையே உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஏற்றது. "சட்டம்" என்ற சொல்லுக்குள் இயற்கை நீதியும் (ஒருவர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது போன்ற நெறிகளும்) அடங்கும் என்று பொருள் கொண்டவர் நீதிபதி ஃபசல் அலி ஒருவரே. அதே வழக்கில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சொன்ன கருத்து இன்றும் சிந்திக்கத் தக்கது: சபையில் ஒருவர் பேசியது அவர் மனத்தைத்தான் காட்டும், வாக்களித்த பெரும்பான்மையின் மனத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டாது.

அந்தக் குறுகிய பொருளுக்கான விலை 1976இல் தெரிந்தது. நெருக்கடி நிலையின்போது, காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர், எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் கடவுச்சீட்டு முடக்கப்பட்ட வழக்கில், நடைமுறை என்பது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வாசல் வழியே அனுப்பப்பட்ட சொற்கள் ஜன்னல் வழியே திரும்பி வந்துவிட்டன.

இதை நான் சரி என்றே கருதுகிறேன். சபை அஞ்சியது சீர்திருத்தச் சட்டங்களுக்கு நேரக்கூடிய தடையை. விசாரணையின்றி மனிதனை அடைத்து வைக்கும் வசதியை அது விரும்பிக் கேட்கவில்லை. தள்ளிய காரணத்தைப் பார்க்காமல் தள்ளியதை மட்டும் பார்ப்பது அரைகுறை வாசிப்பாகும்.

கேள்வி (அதே வழக்கறிஞர்): அப்படியானால் நீதிமன்றம் எதை வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஆகாதா?

ஆகாது, அதற்கான உதாரணமும் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் "கலந்தாலோசிக்க" வேண்டும் என்கிறது உறுப்பு 124. அவருடைய "இசைவு" கட்டாயம் வேண்டும் என்ற திருத்தம் 1949 மே 24 அன்று சபையில் விவாதிக்கப்பட்டது. தலைமை நீதிபதி எவ்வளவு உயர்ந்தவரானாலும், சாதாரண மனிதருக்குரிய குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உடையவரே; அவருக்குத் தடுப்பதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று அம்பேத்கர் நேரடியாக மறுத்தார். 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கலந்தாலோசனை என்றாலே ஏறக்குறைய இசைவுதான் என்று பொருள் கொண்டது. மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வு செய்யும் இன்றைய கொலீஜியம் முறையின் அதிகாரம் அதிலிருந்தே வருகிறது. நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய நீதிபதிகளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மறுத்த காரணம் அன்றும் தெளிவாக இருந்தது, இன்றும் பொருந்துகிறது. போதாததற்கு, பொருள் கொண்டவர்களே அதிகாரத்தையும் பெற்றுக்கொண்டார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): முகவுரையில் "சமதர்ம", "மதச்சார்பற்ற" என்ற சொற்களும் தள்ளப்பட்டவைதானே?

ஆம், 1948 நவம்பர் 15 அன்று சபை உறுப்பினர் கே.டி. ஷா அவற்றை முதல் உறுப்பிலேயே சேர்க்கக் கோரினார், ஏற்கப்படவில்லை. 1976இல் 42ஆவது திருத்தம் அவற்றை முகவுரையில் சேர்த்தது. நெருக்கடி நிலைக் காலத்து நாடாளுமன்றம் செய்தது என்ற குறை உண்டு. ஆயினும் பாதை வேறு: இங்கே சொல்லை மாற்றியது திருத்தும் அதிகாரம் பெற்ற அவை, பொருள் சொல்லும் அதிகாரம் பெற்ற மன்றமல்ல.

கேள்வி: விவாதங்களை நேரடியாகப் படிக்க விரும்புகிறேன். உறுப்பு 21ஐத் தேடினால் வேறு ஏதோ வருகிறதே?

வரைவின் எண்கள் வேறு, இறுதிச் சட்டத்தின் எண்கள் வேறு. பலர் இந்த இடத்தில்தான் தடுமாறிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இன்றைய 21, விவாதத்தில் 15. இன்றைய 22 அங்கே 15ஏ. நீதிபதிகள் நியமனம் பற்றிய 124, அங்கே 103. திருத்தம் பற்றிய 368, அங்கே 304. முதலில் 1948 டிசம்பர் 6 மற்றும் 13 ஆகிய இரு நாள்களின் பதிவுகளையும், அவற்றை அடுத்து 1949 செப்டம்பரில் 15ஏ வந்தபோது நடந்த விவாதத்தையும் படியுங்கள்.