போன் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்

கேள்வி: மகனுக்கு இரண்டே முக்கால் வயது. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். நான் நண்டு கம்பெனிக்குப் போவதால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். ஏ, பி, சி, டி முழுக்கச் சொல்கிறான்; ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கிறான். துபாயில் இருக்கும் என் தம்பி தினமும் வீடியோ காலில் பேசுவதையும் நிறுத்திவிடவா?
– வாசகி, பாம்பன்

குழந்தைகள் நல மருத்துவர் பதில்: தம்பியை நிறுத்த வேண்டாம்மா. "என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டுவிட்டு மாமா இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யூடியூப் அப்படி நிற்காது, அது பாட்டுக்கு ஓடும். குழந்தை பேசக் கற்பது அந்த இடைவெளியில்தான். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்றுவிட்டு, சொந்தக்காரர்களின் வீடியோ காலை மட்டும் விட்டுவைக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போனைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளை மெல்லாது, வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரியாது. நம் பக்கம் மீன் இல்லாமல் சோறு ஏது? வாயில் முள் வந்தாலும் துப்பத் தோன்றாது. மாமியார் அவன் எதிரிலேயே முள்ளெடுக்கட்டும். "இது நகரை, இது சூடை. முள் எங்கே?" என்று கேட்டு, ஐந்து எண்ணும்வரை சும்மா இருக்கட்டும். விரலை நீட்டினாலும் அது பதில்தான். முதல் சில நாள் தட்டைத் தள்ளுவான், புரண்டு அழுவான். ஒருவேளை சோறு குறைந்தால் ஒன்றும் ஆகாது. பாவம் என்று பிஸ்கெட்டை நீட்டினால்தான் காரியம் கெடும். மாமியாரைக் குறை சொல்லாதீர்கள், அடுப்படியில் தனியாக நிற்பவருக்குப் போன்தான் ஒத்தாசை.

படகு போகாத நாளில் அப்பா கரைக்குக் கூட்டிப்போகட்டும். பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்கவும் உதவும். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது அவரே போனும் கையுமாகப் படுத்திருந்தால் பிரயோசனமில்லை!

ஏ, பி, சி, டி-யை நான் பேச்சில் சேர்ப்பதில்லை. இந்த வயதில் "அப்பா கடலுக்குப் போச்சு" என்பது மாதிரி இரண்டு மூன்று சொல்லாவது சேர்ந்து வர வேண்டும். இதற்குப் போன் மட்டுமே காரணம் என்று நான் எழுதிவிட மாட்டேன். காது சரியாகக் கேட்காவிட்டாலும் பேச்சு தள்ளிப்போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பார்த்து வையுங்கள், மருத்துவர் கேட்பார். ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று யார் சொன்னாலும், இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.