வெக்கை முதல் ஆட்டுக்கொல்லி வரை: கால்நடை நோய்ச் சட்டங்கள், கேள்வி பதில்

மானூர் வாசகர்: அண்ணாச்சி, மாட்டு நோய்க்குச் சட்டம் எப்போது வந்தது?

சென்னை மாகாணத்தில் 1866-லேயே வந்துவிட்டது. திருநெல்வேலி ஜில்லாவும் அதற்குள் அடக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய்) இங்கிலாந்துக்குள் புகுந்து மாடுகளை வாரிக்கொண்டு போனது.

அம்பாசமுத்திரம்: வெக்கையை ஒழித்தது சட்டமா, ஊசியா?

ஊசிதான். சட்டம் வந்து நூறாண்டு கடந்தும் வெக்கை போகவில்லை. 1954-இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. மாட்டின் ரத்தத்தில் காணும் எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் கடைசியில் ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். 2011-இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டது.

களக்காடு: 2009-இல் மத்திய அரசின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் வந்ததே, அதற்கு முன் உள்நாட்டு நோய்களுக்கு மத்தியச் சட்டமே இல்லையா?

1899-இல் ஒன்று, 1910-இல் ஒன்று. இரண்டுமே குதிரை நோய்களுக்கு! பட்டாளத்துக்குக் குதிரை வேண்டும். உழவனின் காளைக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 2009-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவ்விரண்டையும் நீக்கிவிட்டு மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது.

சங்கரன்கோவில்: எங்கள் கிடையில் இரண்டு ஆடுகளுக்கு மூக்கொழுகலும் கழிச்சலும் இருக்கின்றன. ஆட்டுக்கொல்லியோ (பி.பி.ஆர். நோய்) என்று பயம். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள் தம்பி. தனித் தண்ணீர், தனித் தீவனம். கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிலோ உடனே சொல்லுங்கள்; அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். சொல்வது உங்கள் சட்டக் கடமை. கிடையை அடுத்த வயலுக்கு நகர்த்தாதீர்கள். நஷ்டத்துக்குப் பயந்து செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில்தான் இந்தியாவில் இந்நோயை முதலில் கண்டார்கள். இன்று அது இல்லாத மாநிலம் அரிது. ஆடு நடந்த வழியெல்லாம் நோயும் நடந்தது.

சீவலப்பேரி: செத்த மாட்டை ஆற்றில் விடுகிறார்களே?

குற்றம். நோயில் செத்ததை ஆற்றிலோ குளத்திலோ போடக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய ரத்தம் கசிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கிழிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். மருத்துவர் வரும்வரை நாயும் காகமும் அண்டாமல் பாருங்கள். பிறகு அவர் காட்டும் இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.