பூந்திக்கு நீங்கள் போதாது

வணக்கம் ஐயா,

நான் சூரிச்சில் இருக்கிறேன். மகளுக்காக இரண்டு கினிப்பன்றிகள் வளர்த்தோம். லட்டு, பூந்தி. இரண்டும் பெண். போன கிழமை லட்டு செத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து பூந்தி கூட்டின் மூலையிலேயே குந்திக்கொண்டிருக்கிறது. குளிர்ப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கீச்சிடும் பிள்ளை, இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மடியில் வைத்துக் கதைத்துக்கொண்டே இருக்கிறேன். இரவில் மகள் தன் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். மரணம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியுமா ஐயா? ஒன்றைத் தனியாக வளர்க்க இங்கே சட்டம் விடாது என்கிறார்கள். ஆனால் உடனே இன்னொன்றைக் கொண்டுவருவது லட்டுவுக்குச் செய்யும் துரோகம் போல இருக்கிறது.

ம.

*

அன்புள்ள ம.,

மரணத்தைப் பூந்தி எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். முதலில் சமையலறைத் தராசை எடுங்கள். தினமும் காலையில் பூந்தியை நிறுத்து எழுதி வையுங்கள். கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த புல் உள்ளே போவது ஒரு நாள் நின்றாலே ஆபத்து. நம்மைப் போலவே அதுவும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாத பிராணி, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். நீங்கள் துக்கம் என்று நினைப்பது லட்டுவைக் கொண்டுபோன அதே நோயாகவும் இருக்கலாம். இத்தனை எழுதியவர் மிருக வைத்தியரிடம் காட்டினேன் என்று ஒரு வரி எழுதவில்லையே! இன்றைக்கே போங்கள்.

துரோகம் யாருக்கு? லட்டுவுக்கா? சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மடிதான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காங்கேயம் பக்கம். மாடு கட்டுகிற எங்கள் கட்டுத்தரை இருந்த இடத்தில் இப்போது தம்பியின் பைக் நிற்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அப்பாருவின், அதாவது தாத்தாவின், மயிலைக்காளை ஞாபகமாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

உழவுக்கும் வண்டிக்கும் ஒரே ஜோடிதான். நுகத்தடியில் இந்தப் பக்கம் பழகிய மாட்டை அந்தப் பக்கம் பூட்டினால் நடக்காது. இடப்பக்கத்து மாடு ஒரு ராத்திரியில் வயிறு உப்பிச் செத்தது. மிஞ்சியது சோளத்தட்டைக் கடித்துக் கடித்துக் கீழே போட்டது. தாழித் தண்ணீரில் மூக்கை வைக்கும், குடிக்காது. தாழிக்கு வந்து நின்றாலும் இடப்பக்கம் ஒரு மாடு நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்கும். எனக்கு அப்போது சின்ன வயது. அந்தக் காலி இடத்தில் போய் நான் நின்றுகொள்வேன். மாடு நகர்ந்துவிடும்.

அப்பாரு கட்டிலைத் தூக்கிவந்து கட்டுத்தரையிலேயே படுத்தார். அப்பத்தா பருத்திக்கொட்டையை ஆட்டி, வெல்லம் போட்டு, கையாலேயே ஊட்டப் பார்த்தது. வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அடுத்த தோட்டத்துக்காரர், உழவுக்கு ஆகாது என்று விட்டுவைத்திருந்த ஒரு கிழட்டுக் காளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினார். முதலில் இரண்டும் முட்டிக்கொண்டன. சில நாள் போனதும் அது இதன் கழுத்தை நக்கியது, இது தாழியில் வாய் வைத்தது. அப்பாருவுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். “இத்தன நாளா நான் பக்கத்துல படுத்துக் கெடந்தேன், இந்தக் கெழத்தப் பாத்ததும் தவிடு திங்குது பாரு” என்று திட்டித் தீர்த்தார்.

நீங்களும் அப்பாருவும் ஒரே ஜாதி. அன்பு நிறைய இருக்கிறது. அது வேண்டியவர்களுக்கு வேண்டிய உருவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. மடியில் வைத்துப் பேசியது பூந்திக்கா, உங்களுக்கா? கினிப்பன்றி தென்னமெரிக்காவில், ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் கூட்டமாகப் புல் மேய்ந்த பிராணியின் வம்சம். அதன் உடம்புக்குத் தெரிந்தவரை, மேலிருந்து வந்து தூக்குவது பருந்து. கட்டிலில் அசையாமல் கிடப்பதை மகள் ஆறுதல் என்று நினைக்கிறாள். பயத்திலும் அது அப்படித்தான் கிடக்கும். நீங்கள் இரவு முழுக்கக் கதைத்தாலும், அது உள்தொண்டையில் உருட்டுகிற சத்தத்துக்குப் பதில் சத்தம் உங்களால் கொடுக்க முடியாது.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்ஸர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆண் கினிப்பன்றியைப் பழக்கமில்லாத கூட்டில் தனியாக விட்டால் இரத்தத்தில் கார்ட்டிசால் என்கிற மன அழுத்தச் சுரப்பு எகிறுகிறது. அதன் ஜோடி கூட இருந்தால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனால் யாரோ ஒரு பெண்ணை உள்ளே விட்டால் அந்தப் பலன் இல்லை. துணை என்பது தலைக்கணக்கு அல்ல என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. அதனால் புதிதாக ஒன்று வந்த அன்றே பூந்தி துள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழக வேண்டும்.

அமெரிக்காவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹென்னஸி, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் புது இடத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் விடாமல் கத்துகின்றன. அப்புறம் கத்தல் அடங்கி, குறுகி உட்கார்ந்து, கண் சொருகி, மயிர் சிலிர்த்துப் போகின்றன. காய்ச்சல்கார உடம்பு அப்படித்தானே இருக்கும்? அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் இந்தச் சுருண்டுகிடப்பது குறைகிறது. பூந்தி குட்டி அல்ல, லட்டு அதன் தாயும் அல்ல. ஆனாலும் பிரிவு நேராக உடம்பில் இறங்குகிற ஜீவன் இது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் தராசு என்றேன்.

சட்டம் பற்றி நீங்கள் சலித்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாக வைக்காதே என்று 2008-இல் எழுதி வைத்த நாட்டில் இருக்கிறீர்கள். கொடுத்து வைத்தவர். மிஞ்சிய ஒன்றுக்காக வயதான கினிப்பன்றியை வாடகைக்குக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்பவர்களும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

கொண்டுவருவதை நேராகப் பூந்தியின் கூட்டில் போட்டுவிடாதீர்கள். நோய் இல்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஆளுக்கொரு காய்ந்த புல் குவியலோடு விடுங்கள். உறுமும், துரத்தும், பல்லை நறநறக்கும். இரத்தம் வராதவரை தலையிட வேண்டாம், மகளையும் தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆணைக் கொண்டுவருவதாக இருந்தால் விதையெடுத்ததாக இருக்கட்டும். எடுத்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அதுவரை அது சினைப்படுத்தும். கேட்காமல் வாங்கி வந்தால் இரண்டு மாதம் கழித்து, கண் திறந்தபடியே பிறந்து மறுநாளே காய்ந்த புல் மெல்லும் குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். அதற்கு நான் பதில் போட மாட்டேன்.