ஆடிப் பதினெட்டுக்கு அணைத்த சர்வர்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். 2012ல் வாங்கிய டவர் சர்வர், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. டாலி கணக்கு முழுக்க அதில்தான். போர்டிலேயே ரெய்டு (டிஸ்க்குகளை ஜோடி சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) போட்டு இரண்டு டிஸ்க். சீசன் முடிந்து, ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் லீவு விட்டு மெயினையே அணைத்துவிட்டுப் போனோம். வந்து போட்டால் நீலத்திரை, உடனே ரீஸ்டார்ட். திரையில் 7பி என்று முடியும் ஒரு நம்பர். பார்க்க வந்தவர், "ரெண்டு டிஸ்க்கும் போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார். விவசாயிகளுக்குத் தர வேண்டிய காய் பாக்கிக் கணக்கு அதற்குள் இருக்கிறது சார்.

பதில்: நேற்றுவரை ஓடிய இரண்டு டிஸ்க்கும் ஒகேனக்கல் போய் வருவதற்குள் ஒன்றாகப் போகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன்பே வரும், போர்டின் சொந்த செட்டிங் திரை) போய்த் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய வருஷம் ஜனவரி 1 என்று நின்றால், போனது போர்டில் இருக்கும் பொட்டு சைஸ் பேட்டரி.

கரண்ட் இருக்கிறவரை செத்த பேட்டரியும் வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓட்டினீர்கள், மெயினை அணைத்ததும் குட்டு வெளிப்பட்டது. பயாஸ் தன் செட்டிங்கை மறந்து, ரெய்டு என்று இருந்ததை ஏஹெச்சிஐ, அதாவது ஜோடி சேர்க்காமல் டிஸ்க்கைத் தனித்தனியாகப் பார்க்கும் முறை என்று மாற்றிக்கொண்டிருக்கும். அப்போது விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே பிடிபடாது. அந்த 7பி சொல்வது அதைத்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். கிளிப்பை நகத்தால் ஓரமாகத் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். மீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டும். போன மாதம் நான் கழற்றிய ஒன்று 1.4 காட்டியது. சிஆர்2032 என்று கேளுங்கள், ஐம்பது நூறுக்குள் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் கடை மூடியிருந்தால் வாட்ச் கடை. மாட்டியதும் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை (பயாஸில் மாறிப்போன அந்த டிஸ்க் செட்டிங்தான்) மறுபடி ரெய்டு ஆக்கி சேவ் செய்யுங்கள். எந்த டிஸ்க் எதற்கு ஜோடி என்ற குறிப்பு டிஸ்க்குகளிலேயே எழுதியிருக்கும், அது பேட்டரியோடு போகாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ரெய்டு திரையில் 'கிரியேட்', 'இனிஷியலைஸ்' என்று ஆசை காட்டும். தர்மபுரியில் கடை போட்ட புதிதில் நானே ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் அதை அழுத்திவிட்டேன். நான்கு வருஷக் கணக்கு அழிந்தது. அந்த முதலாளி திட்டக்கூட இல்லை, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தேதி சரியாகவே இருந்தால் நான் சொன்னது பொருந்தாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் சோதிக்க வேண்டும். அப்போதும் டிஸ்க்குகளை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

சர்வர் எழுந்துவிட்டால் டாலி ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் டீ. புது சர்வர் வேண்டும் என்று அவர் சொன்னது தப்பில்லை, 2008 ஆர்2வை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. காரணம்தான் தப்பு. அடுத்த மே மாதம் காய் லாரி வந்து நிற்பதற்குள் வாங்கிவிடுங்கள்.