மைனஸ் ஏழுல மீன் கடிக்குமா? வாசகர் கேள்வி, தூண்டில்காரன் பதில்

போன இதழ்ல, டென்வர்ல பொண்ணு வீட்டுக்கு போனப்போ பனியில நின்னு ட்ரௌட்ங்கற மீனை பிடிச்ச கதையை நாலே நாலு வரி தான் எழுதினேன். அதுக்கு வந்த கேள்வியை பாத்தா இந்த ஜனவரில பாதி சென்னை அமெரிக்கா போகுது போல! வாட்ஸ்அப்ல வந்ததை எல்லாம் சேத்து வெச்சு இந்த தடவை முழு பக்கமும் அதுக்கே ஒதுக்கிட்டேன். வஞ்சிரம் வெலை கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

பெரம்பூர் வாசகர்: ஜனவரில டென்வர் போறேன். மாப்பிள்ளைக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம், "வாங்க மாமா, ஆத்துக்கு போலாம்"ங்கறார். அந்த குளிர்ல ஆறே உறைஞ்சு போயிருக்காதா? உறையலேன்னாலும் மீன் கடிக்குமா சார்?

உறையாத ஆறு இருக்கு சார், அணைக்கு கீழ பாக்கணும். தண்ணி ஒரு விசித்திரமான சாமான், குளிர குளிர கனமாகி கீழ போகும், ஆனா அது 4 டிகிரி வரைக்கும் தான், அதுக்கு மேல குளிர்ந்தா திரும்ப லேசாகி மேல வந்துடும். அதனால தான் ஏரி மேல ஐஸ் பலகை மாதிரி கிடந்தாலும் அடில 4 டிகிரி தண்ணி அப்படியே இருக்கு. அணையோட அடி மதகை திறந்தா அந்த தண்ணி தான் வெளில வரும், காத்து மைனஸ் பத்துல இருந்தாலும் சில மைல் தூரத்துக்கு உறையாம ஓடும். மேல ஆவி பறக்கறதை பாத்து வெந்நீர்னு நெனச்சு கைய விட்டுடாதீங்க, நான் விட்டேன். டென்வர்லேருந்து ஒண்ணரை மணி நேர கார் பயணத்துல சவுத் பிளாட் ஆறு இருக்கு, சீஸ்மன் அணைக்கு கீழ இருக்கற பள்ளத்தாக்கு, அப்புறம் டெக்கர்ஸ்ங்கற குட்டி ஊர், உங்க மாப்பிள்ளை அங்க தான் கூட்டிட்டு போவார்னு நெனக்கறேன். 16 வயசு ஆன எல்லாருக்கும் லைசென்ஸ் வேணும், விசிட்டருக்கு ஒரு நாள் லைசென்ஸ் கூட உண்டு, மாப்பிள்ளையோடதே போதும்னு இருந்துடாதீங்க.

கடிக்குமான்னா, கடிக்கும். ஆனா உங்க கிட்ட வந்து கடிக்காது. ட்ரௌட் குளிர் தண்ணி மீன் தான், இருந்தாலும் அது நல்லா ஓடியாடி தின்னறது 10லேருந்து 16 டிகிரி வரைக்கும். 4 டிகிரில அதோட ஒடம்பே அடங்கிடும், சாப்பிட்டது செரிக்கவே ரொம்ப நேரம் எடுக்கும், அதனால பசியும் கம்மி, அலையறதுக்கு தெம்பும் கம்மி. மார்கழி காலைல போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கற பையனை நெனச்சுக்கோங்க, காபியை கிச்சன் மேடை மேல வெச்சுட்டு கூப்பிட்டா எழுந்து வருவானா? மூக்குக்கு கீழ கொண்டு போய் நீட்டினா படுத்துக்கிட்டே வாங்கிப்பான். ட்ரௌட்டும் அதே கேஸ் தான். வேகமான தண்ணியை விட்டுட்டு, ஆழமா, நடக்கற வேகத்துல ஓடற மடுவுல, அடியோட அடியா கூட்டமா படுத்திருக்கும். ஒரு அடி தள்ளி போச்சுன்னா உங்க ஈயை, அதான் முள்ளுல நூல் சுத்தி பூச்சி மாதிரி செஞ்ச போலி இரையை, திரும்பி கூட பாக்காது.

அதனால ஒரே எடத்துல நின்னு, ஒரு கை அகலம், ஒரு கை அகலமா நகத்தி நகத்தி திரும்ப திரும்ப விடணும். என் மருமகன் எனக்கு சொல்லிக் குடுத்த ஒரே மந்திரம் இது தான்: ஈயை மாத்தறதுக்கு முன்னாடி குண்டை மாத்து, அதாவது ஈயை அடிக்கு இழுக்கற குட்டி எடையை. நான் பாட்டுக்கு டப்பாவை திறந்து வெச்சுக்கிட்டு செவப்பா கருப்பான்னு விரல் வெறைக்க மாத்திக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா எதை போட்டாலும் மீனுக்கு ரெண்டடி மேலயே போயிட்டு இருந்திருக்கு. இன்னும் ஒரு குட்டி குண்டு சேத்து கடிச்சு மாட்டினேன், மூணாவது தடவையே மீன். நிறைய எடத்துல ஈயத்துக்கு தடை இருக்கு, டின் குண்டு கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, கடிச்சா தக்கை முங்கும்னு காத்துட்டு இருக்காதீங்க. குளிர் தண்ணில ட்ரௌட் வாயை திறந்து மூடும், அவ்ளோ தான். மேல போற தக்கை நுரையோட சேந்து போயிட்டே இருக்கும், திடீர்னு நுரை முன்னாடி போகும், தக்கை மட்டும் ஒரு நொடி யோசிக்கற மாதிரி நிக்கும். அப்போ லேசா தூக்கணும். பத்துல ஏழு தடவை அது கல்லா இருக்கும், தூக்குங்க பரவால்ல.

என்ன ஈ போடறதுன்னு கேப்பீங்க. பனியிலயும் பொறக்கற பூச்சி ஒண்ணு இருக்கு, மிட்ஜுனு சொல்றாங்க. உங்களுக்கு அது ஏற்கனவே தெரியும்! பெரம்பூர்லேருந்து எட்டி பாத்தா கொளத்தூர், அங்க வளர்ப்பு மீன் கடைல ரத்தப்புழுன்னு விக்கறாங்களே, அந்த குடும்பத்து பூச்சியோட புழு தான் அது. நம்ம ஏரிக்கரை ஓரத்து வீட்ல ராத்திரி ட்யூப் லைட்டை சுத்தி கடிக்காம மொய்க்குமே ஒரு கொசு மாதிரி, அதுவும் இந்த ஜாதி தான். அதனால 20, 22 நம்பர் முள்ளுல செவப்பு நூல் சுத்தினது போதும். நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 22ங்கறது ஒரு சீரகம் அளவு தான், ஞாபகமா படிக்கற கண்ணாடி எடுத்துட்டு போங்க.

நேரமும் முக்கியம். விடியக்காலை எழுந்து ஓடணும்னு இல்ல, அந்த நேரத்துல ராத்திரி குளிர்ல உருவான பனிக்கூழ் தண்ணி முழுக்க மிதந்து வரும், ஈ அதுல மாட்டி அடிக்கே போகாது. டிபன் சாப்பிட்டு, ரெண்டாவது காபியும் குடிச்சிட்டு, 11 மணிக்கு போய் 3 மணிக்கு திரும்பிடலாம். அந்த நாலு மணி நேரத்துல தண்ணி ஒரு டிகிரி ஏறினாலே மீன் கொஞ்சம் கண்ணை திறக்கும்.

பட்டினப்பாக்கம் வாசகர்: அண்ணே, நாங்க கடல்ல ராடு போடற ஆளுங்க. ஈயக்குண்டு இல்லாம சீரகம் சைஸ் ஈயை எப்படிண்ணே அவ்ளோ தூரம் வீசறாங்க?

தம்பி, நம்ம கடல் ராடுல குண்டு பறக்கும், தூண்டில் நரம்பு பின்னாடி ஓடும். இதுல தலைகீழ். நரம்பே தடியா, மேல பிளாஸ்டிக் பூச்சு போட்டு கனமா இருக்கும், அதை தலைக்கு பின்னாடி ஒரு வீசு, முன்னாடி ஒரு வீசுன்னு சாட்டை மாதிரி விரிச்சா அந்த கனம் தான் ஈயை இழுத்துட்டு போகும். நுனில மட்டும் நம்ம தங்கூஸ் நரம்பு மாதிரி கண்ணுக்கு தெரியாத மெல்லிசு நரம்பு. மருமகன் சொல்ற குட்டி டின் குண்டு அடிக்கு போறதுக்கு தான், வீசறதுக்கு இல்ல. குளிர்காலத்துல தூரமே தேவையில்ல, இருபது இருபத்தஞ்சு அடி போதும். உனக்கு ஒரு வாரத்துல வந்துடும், ஆனா கடல்ல வீசற பலத்தை இதுல காட்டினா நரம்பு கழுத்தை சுத்திக்கும். எனக்கு சுத்திச்சு.

மயிலாப்பூர் வாசகி: என் பையன் அங்க மைனஸ்ல ஆத்துக்குள்ள இறங்கி நிக்கறான், போட்டோ வேற அனுப்பறான். எனக்கு வயத்தை கலக்கறது. இது ஆபத்தில்லையா?

அம்மா, பயப்படறது நியாயம் தான். ஆனா ஆபத்து அவன் நிக்கற தண்ணில மட்டும் இல்ல, அவன் போட்டிருக்கற துணில, நிக்கற கல்லுலயும் இருக்கு. மொதல்ல, போன் பண்ணி காட்டன் பனியன் போட்டிருக்கியான்னு கேளுங்க. திருப்பூர் பனியன் நம்ம ஊருக்கு அமிர்தம், அங்க அது எமன், வேர்வையை உறிஞ்சி ஈரமாவே வெச்சுக்கும், ஒடம்பு சூட்டை எல்லாம் அந்த ஈரம் தின்னுடும். உள்ள கம்பளி இல்ல பாலியஸ்டர், மேல இன்னொரு அடுக்கு, அதுக்கு மேல நெஞ்சு வரைக்கும் வர்ற, தண்ணி புகாத பேன்ட், அதுக்கு பேர் வேடர். குளிருதேன்னு மூணு ஜோடி சாக்ஸை திணிச்சிருந்தா கழட்ட சொல்லுங்க, இறுக்கினா ரத்தம் ஓடாது, கால் இன்னும் தான் வெறைக்கும்.

வேடர் மேல இடுப்புல பெல்ட் கட்டியே ஆகணும், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பறதை அது தான் குறைக்கும். கரையோரம் தண்ணி மேல நீட்டிக்கிட்டு இருக்கற ஐஸ் தட்டு மேல கால் வெக்கவே கூடாது, பாக்க சிமெண்ட் தளம் மாதிரி இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது, உடைஞ்சா ஓட்டம் உள்ள இழுத்துடும். தனியா போகக்கூடாது. கார்ல ஒரு செட் மாத்து துணி, ஃப்ளாஸ்க்ல சுக்கு காபி. இவ்ளோ இருந்தா நிம்மதியா கபாலிக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு தூங்குங்க.

நான் பண்ண கூத்தை கேளுங்க. மொத வருஷம் மருமகன் மெசேஜ் போட்டார், "நாளைக்கு 20 டிகிரி தான் மாமா, வரீங்களா". சென்னைல இது வரைக்கும் பதிவான குளிரே 13.9 டிகிரி தான், 20 எல்லாம் நமக்கு மார்கழி விடியக்காலை, அதுக்கு மஃப்ளரே போதும்னு ஒரு ஸ்வெட்டரோட கார்ல ஏறிட்டேன். இறங்கினப்பறம் தான் தெரிஞ்சுது, அது ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் ஏழு! அது போதாதுன்னு ஓசில வாங்கின பூட்டோட அடில ஃபெல்ட் துணி, ஈரத்தோட பனில நடக்க நடக்க பனி அதுல கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு, ரெண்டு காலும் ரெண்டு இட்லி குக்கர் மேல நிக்கற மாதிரி ஆடிக்கிட்டே நடந்தேன். ரப்பர் அடி, அதுல ஆணி வெச்சது தான் பனிக்கு சரி.

வேளச்சேரி வாசகர்: நான் கனடால, கால்கரில ரெண்டு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு பத்து நிமிஷமும் ராடு வளையத்துல ஐஸ் அடைச்சிடும், ஒரு தடவை நுனியே உடைஞ்சுது. என்ன பண்ணியிருக்கணும்?

விரலால தட்டி உடைச்சீங்களா? அதான். நுனி வளையத்தை ராடோட தண்ணிக்குள்ள முக்கி ஒரு நிமிஷம் வெச்சா தானே கரையும், அந்த தண்ணி காத்தை விட வெதுவெதுப்பு தானே. முன்கூட்டியே வளையத்துல வாசலின் இல்ல லிப் பாம் தடவிட்டா அடைக்கறது கொஞ்சம் லேட்டாகும், முழுசா நிக்காது. முக்கியமா நரம்பை இழுத்து இழுத்து விடாதீங்க, ஒவ்வொரு இழுப்புலயும் ஈரத்தை வளையத்துக்குள்ள கொண்டு வர்றது நீங்க தான். ஒரு அளவுக்கு நரம்பை வெளில விட்டுட்டு அதே நீளத்துலயே தூக்கி தூக்கி போடுங்க.

தாம்பரம் கல்லூரி மாணவர்: அமெரிக்கா எல்லாம் நமக்கு ஆகாது சார். ஊட்டில ட்ரௌட் இருக்காமே, டிசம்பர் லீவுல பைக்ல போய் பிடிக்கலாமா?

இருக்கு தம்பி, ஆனா பைக்கை நிறுத்திட்டு தூண்டில் போடற கதை இல்ல. ட்ரௌட் நம்ம மீனே கிடையாது, வெள்ளைக்காரன் ஊர் ஞாபகத்துல கொண்டு வந்தது. மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஃபிரான்சிஸ் டே, மீன் ஆராய்ச்சில பெரிய ஆள், 1860கள்ல நீலகிரிக்கு கொண்டு வர முயற்சி பண்ணார், நடக்கல. வழில இருக்கற வெயிலை தாண்டி முட்டையை உயிரோட கொண்டு வர்றது லேசான காரியமா? காஷ்மீருக்கே 1899ல வந்த மொத சரக்கு வீணாகி, அடுத்த வருஷம் வந்தது தான் பொழச்சுது. நீலகிரில வில்சன்ங்கறவர் வந்தப்பறம் தான் வழி பொறந்துது, 1907ல அவலாஞ்சில பொரிப்பகம், ரெயின்போ ட்ரௌட் அங்கேருந்து தான் மேல் பவானி பக்கமெல்லாம் போச்சு.

இப்போ அவலாஞ்சி பக்கம் காடு, வனத்துறை வண்டி இல்லாம உள்ளயே விட மாட்டாங்க, மீன் பிடிக்க மீன்வளத்துறை அனுமதி தனி. ஊட்டில விசாரிச்சு எழுத்துல அனுமதி வாங்காம ராடை பையிலேருந்து எடுக்காத. டிசம்பர்ல அங்க உறைபனி புல்லு மேல தான் விழும், ஓடை உறையாது, நான் மேல சொன்ன ஐஸ் சமாச்சாரம் எதுவும் உனக்கு வேண்டாம். வடக்க போலாம்னு நெனச்சா அதுவும் இந்த சீசன்ல முடியாது, ஹிமாச்சல்ல நவம்பர் 1லேருந்து பிப்ரவரி முடியற வரைக்கும் ட்ரௌட் பிடிக்க தடை, முட்டையிடற காலம். மார்ச்ல தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு ட்ரெயின் போடு, செலவு ஊட்டி ரிசார்ட்டை விட கம்மியா கூட வரலாம்.

திருவல்லிக்கேணி வாசகி: பிடிச்சு திரும்ப விடறதுக்கு எதுக்கு பிடிக்கணும்? மீனுக்கும் சித்திரவதை தானே?

இதுக்கு என் கிட்ட முழு பதில் இல்ல, ஒத்துக்கறேன். நாக்குக்காக பிடிக்கறவன் ரெண்டு மீன்ல நிறுத்துவான், விளையாட்டுக்கு பிடிக்கறவன் பத்து மீனை குத்துவான், எது பெரிய பாவம்னு எனக்கே அப்பப்போ தோணும். சீஸ்மன் பள்ளத்தாக்குல சட்டமே விட்டுடணும்ங்கறது, அதனால அந்த எடத்துல நமக்கு சாய்ஸ் இல்ல. ஆனா விடறதா இருந்தா ஒழுங்கா விடணும்ல. மைனஸ்ல மீனை தண்ணிக்கு மேல தூக்கி செல்ஃபி எடுத்தா அந்த ஈரமான செவுளு சில நொடில உறைய ஆரம்பிச்சிடும், நீந்தி போற மாதிரி போய் அப்புறம் செத்துடும். முள்ளு நுனில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற குட்டி எதிர்முள்ளை அமுக்கிட்டு, வலையை தண்ணிக்குள்ளயே வெச்சு, கையுறையை கழட்டி, கையை நனைச்சு, முள்ளை எடுத்து விடணும். மொதல்ல பிடிச்ச மீன் ஒரு முழம் கூட இல்ல, பக்கத்துல செவப்பா ஒரு கோடு, அதை கைல வெச்சப்போ ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த மாதிரி இருந்துது, ஆனா உள்ள துடிப்பு தெரிஞ்சுது. வால் ஒரு அடி அடிச்சு போயிடுச்சு. கை மட்டும் கால் மணி நேரம் மரத்து போய் கிடந்துது.

அப்புறம், ஆத்துல இறங்கறவங்க கூழாங்கல் நடுவுல பளிச்சுனு வெளுப்பா துடைச்சு வெச்ச மாதிரி ஒரு பாத்தி தெரிஞ்சா சுத்தி போங்க. ப்ரௌன் ட்ரௌட் இலையுதிர் காலத்துல வாலால தோண்டி அங்க தான் முட்டையை பொதைச்சிருக்கும், குளிர் முழுக்க அது கல்லுக்கு அடில இருக்கும், ஒரு பூட்டு மிதிச்சா போச்சு.

ராயபுரம் வாசகர்: எல்லாம் சரி, ருசி எப்படி? வஞ்சிரம் கிட்ட வருமா?

வராது.