காசு, கணக்கு, கேள்வி: செங்கோட்டைச் சக்கரமும் பிட்காயினும்

நோட்டும் நாணயமும் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் மட்டுமே இருக்கும் பிட்காயின் என்ற காசு பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. 34 வருஷம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத பணம் என்கிறார்களே, அரசாங்கம் நினைத்தால் இதை நிறுத்த முடியாதா?
வாசகர், செங்கோட்டை

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. அவள் பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது தென்காசி. நடுவில் பத்து கிலோமீட்டர் கூடக் கிடையாது. ஆனால் அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம், இது வெள்ளைக்காரன் சீமை. இங்கே ரூபாய், அணா. அங்கே பணம், சக்கரம், காசு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு என்று ஆச்சி கடைசிவரை மனப்பாடமாகச் சொல்வாள். 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. சக்கரம் செல்லாமல் போன பிறகு, பெட்டியில் கிடந்ததையெல்லாம் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டார்களாம். சக்கரத்தைத் தாங்கி நின்ற சர்க்கார் போனது, சக்கரமும் போனது.

பிட்காயினைத் தாங்கி எந்தச் சர்க்காரும் நிற்கவில்லை. 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்ட அதன் கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டிலேயே, வங்கிகளைத் தூக்கிவிட பிரிட்டிஷ் அரசு இரண்டாவது தடவை பணம் கொடுக்கப் போகிறது என்ற லண்டன் டைம்ஸ் தலைப்பைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அரசின் மேலும் வங்கியின் மேலும் நம்பிக்கை போன நேரத்தில் பிறந்த காசு அது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாக்க முடியாது என்பது விதி. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நகல் நகலாக இருக்கிறது. ஒன்றைப் பூட்டினால் மற்றவை ஓடும்.

சீனா பூட்டிப் பார்த்தது. கணக்கைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றி, அதற்குக் கூலியாகப் புதுப் பிட்காயின் பெறும் கம்ப்யூட்டர்களைச் சுரங்க இயந்திரங்கள் என்பார்கள். உலகத்தில் அவற்றில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் அங்கேதான் ஓடின. 2021-ல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வலைப்பின்னலின் வேகம் சட்டென்று சரிந்தது. ஆனால் இயந்திரங்கள் கஜகஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. சில மாதங்களில் பழைய வேகம் திரும்பிவிட்டது.

அதனால் நிறுத்த முடியாது. ஆனால் வாசலில் நிற்க முடியும். ரூபாய் பிட்காயினாக மாறும் இடமும், பிட்காயின் ரூபாயாகத் திரும்பும் இடமும்தான் அந்த வாசல். அங்கே வங்கிக் கணக்கு வேண்டும், பான் எண் வேண்டும். 2018 ஏப்ரல் 6-ல் ரிசர்வ் வங்கி அந்த வாசலை அடைத்தது. இந்தக் காசு வியாபாரம் செய்கிறவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை. அப்போது நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பையன்கள் வந்து, "சார், இது சட்டவிரோதமா?" என்று கேட்பார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை, ஆனால் வங்கி வழியாக நடத்த முடியாது என்று சொல்வேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இந்த வியாபாரத்தால் வங்கிகளுக்கு என்ன கேடு வந்தது என்று ரிசர்வ் வங்கி காட்டவில்லை, அப்படியிருக்க இவ்வளவு கடுமை கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அடைத்தது ஒரு கை, திறந்தது இன்னொரு கை. அதற்கப்புறம் அரசு, வாசலை அடைப்பதை விட்டுவிட்டு அங்கேயே மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டது. 2022-ல் வரி போட்டார்கள். 2023 மார்ச்சில், இந்தக் காசை வாங்கி விற்க வழிசெய்யும் பரிவர்த்தனை நிறுவனங்களைக் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

இந்தக் காசும் அரசுகளைச் சும்மா விடவில்லை. எல் சால்வடார் என்ற சின்ன நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டுப் போனபோது, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. வழக்குகளில் பறிமுதல் செய்த பிட்காயினை விற்காமல் கையிருப்பாக வைக்கச் சொல்லி 2025 மார்ச்சில் அதிபரின் உத்தரவு வந்தது.

பெங்களூரில் இருக்கும் என் மகன் பிட்காயின் மாதிரி ஒரு காசில் லாபம், இன்னொன்றில் பெரிய நஷ்டம் பார்த்திருக்கிறான். மொத்தத்தில் கைநஷ்டம்தான். ஆனாலும் வரி கட்ட வேண்டும் என்கிறார் ஆடிட்டர். சரியா?
வாசகர், பணகுடி

சரிதான் அண்ணாச்சி. ஒன்றில் 40,000 லாபம், இன்னொன்றில் 60,000 நஷ்டம் என்று வையுங்கள். நஷ்டத்தைக் கழிக்க விட மாட்டார்கள். 40,000-க்கு 30 சதவீதம், 12,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 480. ஆக 20,000 இழந்தவன் 12,480 வரி கட்டுகிறான். பங்குச் சந்தை நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். இங்கே அதுவும் கிடையாது. வரி போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நஷ்டத்தை நஷ்டமென்று ஒத்துக்கொள்ளாத வரி நியாயமில்லை என்பது என் கருத்து. விற்கும்போது வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீதத்தை மட்டும் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். மகனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டிஜிட்டல் ரூபாயும் பிட்காயினும் ஒன்றா?
கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இல்லைம்மா. டிஜிட்டல் ரூபாய் ரிசர்வ் வங்கி வெளியிடுவது. 2022 டிசம்பர் 1-ல் பொதுமக்களுக்கான சோதனையை ஆரம்பித்தார்கள். பத்து ரூபாய் நோட்டுக்கு உள்ள அதே உத்தரவாதம் இதற்கும் உண்டு. ஃபேஸ்புக் 2019-ல் லிப்ரா என்று ஒரு காசு கொண்டுவரப் போவதாகச் சொன்னபோது அரசுகள் அரண்டுபோயின. மைய வங்கிகள் சொந்தமாக டிஜிட்டல் பணம் வெளியிடும் வேலையை வேகப்படுத்தியதில் அந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

வளைகுடாவில் இருக்கும் தம்பி, டெதர் வழியாக அனுப்பினால் செலவு குறைவு என்கிறான். வாங்கலாமா?
வாசகி, மேலப்பாளையம்

வேண்டாம் தாயி. டெதர் டாலருக்குச் சமமாக ஒரு நிறுவனம் வெளியிடும் காசு. அதை இங்கே முகம் தெரியாத ஒருவருக்கு விற்றால், அவர் உங்கள் கணக்கில் போடும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் இப்படி விற்றார். வந்த பணம் வடக்கே யாரிடமோ ஆன்லைனில் ஏமாற்றிப் பறித்தது. அந்த மாநில போலீஸ் சொல்லி அவர் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஐந்து மாதம் அலைந்தார், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டது. வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

என் கணவர் மூன்று மாதத்துக்கு முன் தவறிவிட்டார். பிட்காயின் வாங்கி வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னார். அதை எப்படிப் பெறுவது? கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா?
வாசகி, கல்லிடைக்குறிச்சி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

முதலில் அவருடைய வங்கிப் பாஸ்புக்கையும் இமெயிலையும் பாருங்கள். இந்தியப் பரிவர்த்தனை நிறுவனம் எதற்காவது பணம் போயிருந்தால், காசு அங்கேயே இருக்க வாய்ப்பு உண்டு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு அவர்களுக்கு எழுதுங்கள். மறுத்தால் வக்கீலைப் பாருங்கள். கிரிப்டோவும், அதாவது பிட்காயின் மாதிரிக் காசுகளும், ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது உங்களுக்குத் துணை.

காசைத் தன் சொந்த டிஜிட்டல் பணப்பையில் (வாலட் என்பார்கள்) மாற்றி வைத்திருந்தால் நிலைமை வேறு. அதைத் திறக்க 12 அல்லது 24 சொற்கள் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவை இல்லாமல் கலெக்டராலும் திறக்க முடியாது, நீதிபதியாலும் முடியாது. அரசு கைவைக்க முடியாத காசு என்று பெருமையாகச் சொல்கிறார்களே, உங்கள் விஷயத்தில் அரசு கைகொடுக்கவும் முடியாது என்று அதற்கு அர்த்தமாகிவிடுகிறது.

அதனால் தேடுங்கள். டைரி, எல்ஐசி பத்திரம் வைத்த பை, பீரோவின் உள்ளறை, அவர் படித்த புத்தகங்களின் பின்னட்டை. சம்பந்தமே இல்லாத ஆங்கில வார்த்தைகள் வரிசையாக எழுதிய தாள் கிடைத்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், சொந்தக்காரப் பையனுக்குக்கூட. அந்தச் சொற்களை ஒருவர் பார்த்துவிட்டால் காசு அவருடையது. தாளை எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த உங்கள் பிள்ளையோடு பாளையங்கோட்டைக்கு வாருங்கள். பத்திரிகை அலுவலகத்தில் சொன்னால் எனக்குத் தகவல் வரும். உங்கள் பிள்ளையே செய்யட்டும், நான் பக்கத்தில் இருந்து வழி சொல்கிறேன்.